மாத்திரை சுட்ட ஈரலை மூலிகை காக்குமா?

ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள்.

தாயும் மகனும் இருக்கிறார்கள். மகனுக்குத் தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட்.

அவனுக்கு இரண்டு மாதமாக இருமல். சளியைச் சோதித்தார்கள். "காச நோய். பயப்படாதே. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும். நடுவில் மட்டும் நிறுத்தாதே!" என்றார் டாக்டர்.

மகன் சொன்னபடி சாப்பிட்டான். இருமல் குறைந்தது. காய்ச்சல் நின்றது.

ஐந்தாவது வாரம் சோறு பிடிக்கவில்லை. குமட்டல் வந்தது. ஒரு நாள் காலை, தாய் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"தம்பி, கண் மஞ்சளாக இருக்கிறதே!"

"இரவு ஷிப்ட் அம்மா. தூக்கம் இல்லை. வேறு ஒன்றும் இல்லை."

பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தாள். பார்த்ததும் சொல்லிவிட்டாள்.

"மஞ்சள் காமாலை தானடி இது! கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடு. மூன்று நாளில் இறங்கிவிடும்."

"மாத்திரையை என்ன செய்வது, பெரியம்மா?"

"அதையும் கொடு. நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே!"

தாய் அப்படியே செய்தாள். காலையில் கீழாநெல்லி. பிறகு மாத்திரை.

பாட்டி சொன்னது அன்பால். தாய் கொடுத்தது அன்பால். ஆனால் மகனுக்கு ஆபத்து எங்கே இருக்கிறது தெரியுமா? அந்த மாத்திரையிலேயே இருக்கலாம்!

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இப்படி நடக்கக் கூடியதுதான். ஆகவே, இதை ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாசல் காவலாளி

வயிற்றின் வலப்பக்கம், விலா எலும்புக்கு அடியில் இருக்கிறது ஈரல். பெரியவர்களுக்கு அதன் எடை சுமார் ஒன்றரை கிலோ.

தொழிற்சாலைக்குள் எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் வாசலில் சோதனை நடக்கும் அல்லவா? உடம்பில் அந்த வாசல்தான் ஈரல். நாம் விழுங்கும் உணவும் மருந்தும் குடலில் இருந்து ரத்தத்தில் கலந்ததும், பெரும்பாலும் நேரே ஈரலுக்குத்தான் போகின்றன. ஈரல் அவற்றைப் பிரிக்கும், மாற்றும். வேண்டாததைச் சிறுநீரிலும் பித்தத்திலும் வெளியே தள்ளும்.

மருந்தை மாற்றும்போது சில சமயம் நடுவில் ஒரு நச்சுப் பொருள் பிறந்துவிடும். அதை அடக்க ஈரலிடமே ஒரு காவல் பொருள் இருக்கிறது. அதற்குக் 'குளூட்டாதயோன்' என்று பெயர். நச்சு கொஞ்சமாக இருந்தால் காவலாளி மடக்கிவிடுவான். நச்சு மிகுந்தாலோ, காவலாளி தீர்ந்து போனாலோ ஈரலின் அணுக்கள் வெந்து போகும். சிலருக்கு, மருந்தின் அளவு சரியாக இருந்தாலும் அவர்கள் உடல்வாகினால் ஈரல் கெடுவதும் உண்டு.

பெங்களூர் சொன்ன கணக்கு

ஓசூரில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் பெங்களூர். அங்கே செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மருந்தினால் ஈரல் கெட்டு அங்கே வந்தவர்களை டாக்டர்கள் கணக்கெடுத்தார்கள். 1997 முதல் 2008 வரை 313 பேர். 2010-ல் அந்தக் கணக்கு வெளிவந்தது.

எந்த மருந்து அதிகம் பேருக்குத் தீங்கு செய்தது? காச நோய் மருந்து! 100-க்கு 58 பேருக்கு அதுதான் காரணம். அந்த 313 பேரில் 100-க்கு 17 பேர் வீதம் உயிர் பிழைக்கவில்லை.

பிறகு நாடு முழுவதும் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 1,288 நோயாளிகளைக் கணக்கெடுத்தன. அது 2021-ல் வெளிவந்தது. அதிலும் முதல் இடம் காச நோய் மருந்துக்குத்தான். இரண்டாவது இடம் எதற்குத் தெரியுமா? மூலிகை முதலான மாற்று மருந்துகளுக்கு! 100-க்கு சுமார் 14 பேர்.

இதைப் படித்துவிட்டு யாரும் காச நோய் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! மேலே சொன்னவர்கள் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். காச நோய் மாத்திரை சாப்பிடும் பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லை வருவதில்லை. மாத்திரை அவர்களைக் குணப்படுத்துகிறது. மாத்திரை இல்லாவிட்டால் காச நோய் கொன்றுவிடும். வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும்.

துருவும் எண்ணெயும்

இனி மூலிகைக்கு வருவோம். அதற்குச் சக்தியே இல்லையா? இருக்கிறது.

ஓசூர்த் தொழிலாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும். கடைந்த இரும்பை அப்படியே போட்டுவிட்டால் துரு ஏறும். காற்றில் உள்ள ஆக்ஸிஜன் செய்யும் வேலை அது. எண்ணெய் தடவி வைத்தால் துரு ஏறாது.

தாய்மார்களுக்கும் தெரியும். அரிந்த கத்தரிக்காயை வெளியில் வைத்தால் கறுத்துவிடும். அதுவும் ஆக்ஸிஜன் வேலைதான். அதனால்தான் தண்ணீரில் போடுகிறார்கள்.

உடம்புக்குள்ளும் இப்படி ஒரு 'துரு' உண்டு. மருந்தின் நச்சு ஈரலைத் தாக்கும்போது அது அதிகமாகிறது. அதைத் தடுக்கும் பொருள்களுக்கு 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று பெயர். துருத் தடுப்பான் என்று வைத்துக்கொள்ளலாம்.

செடிகளில் இது நிறைய இருக்கிறது. ஏன்? நமக்கு வெயில் சுட்டால் நிழலுக்கு ஓடுவோம். செடியால் ஓட முடியாது. நாள் முழுவதும் வெயிலில் நின்றே ஆக வேண்டும். ஆகவே தன்னைக் காத்துக்கொள்ளத் தானே மருந்து செய்து வைத்திருக்கிறது. நெல்லிக்காய், மஞ்சள், கறிவேப்பிலை, கீரை எல்லாவற்றிலும் அது உண்டு.

எலி பிழைத்தது!

நம் நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் மூலிகைகளை எடுத்துச் சோதித்தார்கள். எலிக்கு ஈரலைக் கெடுக்கும் மருந்தைக் கொடுப்பது. சில எலிகளுக்கு மட்டும் மூலிகைச் சாறும் கொடுப்பது. பிறகு ஈரலைப் பார்ப்பது.

கீழாநெல்லி, நிலவேம்பு, கரிசலாங்கண்ணி, மஞ்சள் எல்லாம் இந்தச் சோதனைகளில் நல்ல பெயர் வாங்கின. கீழாநெல்லியில் 'பில்லாந்தின்' என்ற பொருள் இருக்கிறது. அது எலியின் ஈரல் அணுக்களைக் காத்தது என்று 1985-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான சோதனைகளில் எலிக்கு மூலிகையை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள், அல்லது நச்சோடு சேர்த்துக் கொடுப்பார்கள். நம் வீட்டில் நடப்பது வேறு. ஈரல் வெந்து, கண் மஞ்சளான பிறகுதான் கீழாநெல்லியைத் தேடுகிறோம். வீடு பற்றி எரியும்போது, அடுப்பை அணைக்காமல் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவது போல!

இன்னொன்று. எலிக்குக் கொடுக்கும் அளவு, அதன் எடைக்கு மிக அதிகம். எலிக்குப் பலித்த பல மருந்துகள் மனிதனுக்குப் பலிக்கவில்லை. ஆகவே மனிதரிடம் சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

சென்னையில் நடந்த சோதனை

மனிதரிடமும் சோதனை நடந்தது. நம் சென்னையிலேயே நடந்தது!

மஞ்சள் காமாலைக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று 'ஹெபடைடிஸ் பி' என்ற கிருமி. அந்தக் கிருமி சிலர் ரத்தத்தில் நெடுநாள் தங்கிவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் தியாகராஜனும் அவருடைய குழுவினரும் அப்படிப்பட்டவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியைக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு வெறும் பொடியைக் கொடுத்தார்கள். குழுவில் அமெரிக்க விஞ்ஞானி பிளம்பர்க்கும் இருந்தார். ஹெபடைடிஸ் பி ஆராய்ச்சிக்காக 1976-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

1988-ல் முடிவு வெளிவந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது!

மற்ற நாடுகளிலும் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே அந்தப் பலன் கிடைக்கவில்லை. பிறகு எல்லாச் சோதனைகளையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள், "நம்பும்படியான ஆதாரம் போதாது" என்றார்கள்.

கீழாநெல்லி என்று நாம் பறிப்பது ஒரே செடி அல்ல என்பதும் ஒரு சிக்கல். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் செடிகள் பல உண்டு. எல்லைப் பகுதியில் பெயரும் மூன்று. தமிழில் கீழாநெல்லி. கன்னடத்தில் நெலநெல்லி. தெலுங்கில் நேல உசிரி. ஒருவர் பறித்தது இன்னொருவர் பறித்ததுதானா என்று யார் சொல்வது?

எல்லாவற்றுக்கும் மேலாக, சென்னைச் சோதனை கிருமியைப் பற்றியது. மாத்திரையால் கெட்ட ஈரலைப் பற்றியது அல்ல. மஞ்சள் கண் ஒன்றுதான், காரணம் வேறு. காரணம் வேறானால் வைத்தியமும் வேறு!

ஐரோப்பாவின் முள் செடி

ஐரோப்பாவில் 'மில்க் திஸில்' என்று ஒரு முள் செடி இருக்கிறது. இலையில் பால் சிந்தினாற்போல வெள்ளைக் கோடுகள் இருக்கும். அதன் விதையில் உள்ள பொருள் 'சிலிமரின்'. 1968-ல் ஜெர்மனியில் மூனிக் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். இன்று நம் மருந்துக் கடைகளிலும் அது மாத்திரையாகக் கிடைக்கிறது.

ஈரலைக் கொல்லும் விஷக் காளானைத் தின்றவர்களுக்கு ஐரோப்பிய டாக்டர்கள் இதன் சத்தை ஊசியாகப் போடுகிறார்கள். காச நோய் மாத்திரையோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் ஈரல் கெடாதா என்று பல நாடுகளில் சோதித்தார்கள். தாய்லாந்தில் நடந்த ஒரு சிறு சோதனை "பலன் உண்டு" என்றது. சீனாவிலும் ஈரானிலும் நடந்த சோதனைகள் "பலன் தெரியவில்லை" என்றன.

உண்மையில் காத்த மருந்து

ஈரலுக்குக் காவல் கொடுக்க முடியாதா? முடியும். ஒரு மருந்தின் விஷயத்தில் அது உறுதியாகிவிட்டது.

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் சாப்பிடும் 'பாரசிட்டமால்' எல்லோருக்கும் தெரியும். அளவோடு சாப்பிட்டால் நல்ல மருந்து. அளவு மீறினால் ஈரலின் காவல் பொருள் தீர்ந்துவிடும். நச்சு ஈரலைச் சுடும். பிரிட்டனில் இதனால் பலர் இறந்தார்கள். 1970-களில் டாக்டர்கள் வழி கண்டார்கள். 'அசிட்டைல் சிஸ்டீன்' என்ற மருந்தைக் கொடுத்தால், ஈரல் தன் காவல் பொருளை மீண்டும் செய்துகொள்கிறது. அளவு மீறிச் சாப்பிட்ட எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் ஈரல் தப்பிவிடும்.

இது இலைச் சாறு அல்ல. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்து. எந்த நச்சு, எவ்வளவு, எப்போது என்று அறிந்து கொடுப்பதால்தான் பலிக்கிறது.

நல்ல உடல் நிலையில் உள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் பாரசிட்டமால் கூடாது. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. குடிப்பவர்களும் மெலிந்தவர்களும் அவ்வளவு கூடச் சாப்பிடலாகாது. சளி மாத்திரை பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடல் வலிக்கு ஒன்று என்று விழுங்கினால், ஒரே மருந்தை மூன்று தடவை சாப்பிட்டதாகிவிடும்!

இலையும் சுடும்!

"மூலிகை நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாது" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

கொரோனா காலத்தில் பலர் சீந்தில் கொடியைக் காய்ச்சிக் குடித்தார்கள். அதன் பிறகு ஈரல் கெட்டு வந்த 43 பேரைப் பற்றி, நாட்டின் பல ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2022-ல் எழுதினார்கள். சீந்தில் பாதுகாப்பானது என்றும், அதைப் போன்ற வேறு கொடியைப் பறித்திருக்கலாம் என்றும் ஆயுஷ் அமைச்சகம் சொன்னது. எது எப்படி இருந்தாலும், குடித்தவர்களுக்குத் தெரிந்தது 'கொடி' என்பது மட்டும்தான்.

மஞ்சள் நம் சமையலறைப் பொருள். குழம்பில் போடும் மஞ்சளால் பயம் இல்லை. ஆனால் அதன் சத்தைத் திரட்டி, உடம்பில் நன்றாக ஏறுவதற்கு மிளகின் சத்தையும் சேர்த்து மாத்திரையாக விற்கிறார்கள். அப்படிச் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் கெட்டதாக அமெரிக்காவில் 2022-ல் கண்டறிந்தார்கள்.

குழம்பில் ஒரு சிட்டிகை வேறு. மாத்திரையில் ஒரு மூட்டை வேறு!

கண்ணைப் பாருங்கள்

காச நோய்க்கு முன்பு சானடோரியத்தில் மாதக் கணக்கில் படுக்க வேண்டும். 1956-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், ஒரு பகுதியினரை வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதே போலக் குணமானார்கள்! 1959-ல் வெளிவந்த அந்த முடிவு உலகத்தின் போக்கையே மாற்றியது.

வைத்தியம் வீட்டுக்கு வந்தது. ஆகவே காவலும் வீட்டாருடையதாயிற்று. நர்ஸ் பார்க்க வேண்டியதைத் தாயும் மனைவியும் பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது?

காச நோய் மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகவோ சிவப்பாகவோ போகும். 'ரிபாம்பிசின்' என்ற மருந்தின் சாயம் அது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது காமாலை அல்ல.

வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது மஞ்சளாக இருந்தால் ஆபத்து. சோறு அடியோடு பிடிக்காமல் போவது, ஓயாத குமட்டல், வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி, மிகுந்த களைப்பு, இவையும் அடையாளங்கள். முதல் இரண்டு மாதம் மிகவும் கவனம் வேண்டும்.

இந்த அடையாளங்களைக் கண்டால்:

அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளை என்று தள்ளாதீர்கள். டாக்டர் ரத்தத்தைச் சோதிப்பார். ஈரல் கெட்டிருந்தால் மருந்தை நிறுத்திவைப்பார். ஈரல் தேறியதும் ஒவ்வொரு மருந்தாகத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பார். ஈரலைத் தாக்காத மாற்று மருந்துகளும் உண்டு.

நீங்களாக மாத்திரையை ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. அப்படி விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறலாம். 'நிறுத்துவது' ஒரு நாள் வேலை. 'மாற்றுவது' டாக்டர் வேலை.

எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். அத்திபெலேயில் வாங்கியது, பெங்களூரில் எழுதிக் கொடுத்தது, ஓசூரில் கொடுத்தது, நாட்டு மருந்துக் கடைப் பொடி, எல்லாம் அந்தப் பையில் இருக்கட்டும். மூலிகை சாப்பிட்டதை மறைக்காதீர்கள். டாக்டர் கோபித்தாலும் பரவாயில்லை, உயிர் பெரிது.

காச நோய் வைத்தியம் நாடு முழுவதும் இலவசம். எல்லை தாண்டி வேலைக்குப் போனாலும், சொந்த ஊருக்குத் திரும்பினாலும் அங்கே தொடரலாம். போகும் முன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

குடிப்பழக்கம் இருந்தால் உடனே விட வேண்டும். மெலிந்த உடம்பில் ஈரல் எளிதில் கெடும். ஆகவே நன்றாகச் சாப்பிட வேண்டும். காச நோயாளிகளின் சாப்பாட்டுக்காக அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தினார்கள். கேழ்வரகுக் களி, பருப்பு, முட்டை, வேர்க்கடலை, கீரை, ஒரு நெல்லிக்காய். செடி தரும் துருத் தடுப்பான் இந்தத் தட்டிலேயே இருக்கிறது!

அந்த வீட்டில்...

மீண்டும் அந்த வீட்டுக்குப் போவோம். இந்த முறை தாய் விஷயம் தெரிந்தவள்.

"மஞ்சள் காமாலை தானடி இது! கீழாநெல்லி அரைத்துக் கொடு" என்கிறாள் பாட்டி.

"இருக்கட்டும் பெரியம்மா. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறோம். தம்பி, இன்றைக்கு மாத்திரை போடாதே. அந்தப் பையை எடு."

"எனக்கு ஷிப்ட் இருக்கிறது அம்மா!"

"ஷிப்ட் நாளைக்கும் இருக்கும். ஈரல் ஒன்றுதான் இருக்கிறது. கிளம்பு!"

கீழாநெல்லி வேலி ஓரத்தில் எங்கும் ஓடிவிடாது. இந்தப் பையன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.